குப்பைப் படத்துக்காக எழுதிய ஏழு வரி

அந்த ஏழு வரிக்கு விசாரணை நடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காகிதக் கடையின் மாடியறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வாசகர் வட்டத்துத் தலைவர் என்ற முறையில் மாஸ்டர்; யாழ்ப்பாணத்துக்காரர், கட்டுகஸ்தோட்டையில் குடியிருந்து கண்டியில் படிப்பித்தவர். பொருளாளர், மாநகரசபையில் வேலை பார்த்த கிளாக்கர் அண்ணன். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையிலிருந்து பஸ்ஸில் வரும் டீச்சர். கடை முதலாளியான அக்குறணை நானா. அவர் இலக்கியத்துக்காக வருகிறவர் அல்ல. மாடியில் யாராவது சிகரெட் நெருப்பைக் காகிதக் கட்டுகளில் தட்டிவிடுவார்களோ என்று பார்க்க வருகிறவர். ஐந்தாவது ஆள் நான். வேறு யாரும் இல்லை. பிற்காலத்தில் தாங்களும் அங்கே இருந்ததாக மூன்று நான்கு பேர் சொல்லித் திரிந்தார்கள். பொய். கதிரை ஐந்துதான் இருந்தது.

அந்த ஐந்தாவது கதிரையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அப்பா செத்துப் போன பிறகு அக்கா கொழுந்து பறித்துக் கொண்டுவந்த காசில் ஒரு வயிறுதான் ஒழுங்காக நிறையும் என்று தெரிந்ததும், தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து நானாவின் காகிதக் கடையில் சேர்ந்தேன். கொப்பி, பேனை, மை, பில் புத்தகம், கல்யாண அட்டை. கடைக்குள்ளேயே படுக்கை. விலைச் சீட்டு எழுதி எழுதி எனக்குக் கையெழுத்து நன்றாக வந்தது. மாடியில் வாசகர் வட்டம் கூடுகிறபோது தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு அவர்கள் மாதப் பத்திரிகை ஒன்று தொடங்கினார்கள். அச்சுக்கூடத்துக்குக் காசில்லை. மெழுகுத் தாளில் கம்பி முனைப் பேனையால் எழுதி, மை உருளை போட்டுச் சுற்றி எடுக்கிற ஸ்டென்சில் முறைதான். நல்ல கையெழுத்து வேண்டும். அன்றைக்குத்தான் நானா கீழேயிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். மாஸ்டருக்கும் டீச்சருக்கும் நடுவில்.

அந்தக் கதிரையில் நான் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்ததே இல்லை. யாராவது வந்து எழும்பச் சொல்லிவிடுவார்கள் என்று விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பேன். என் சுபாவம் அப்படி. கடையைப் பூட்டிவிட்டு இருபது அடி போவேன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி நாற்பது அடி. பக்கத்துச் சைவக் கடைக்காரர் என்னைக் கண்டால், "பூட்டு இருக்கு தம்பி, நான் பாத்துட்டேன், நீ போ" என்பார். படம் பார்க்கப் போனாலும் இதே கதைதான். திரையில் சண்டை நடக்கும். எனக்குள்ளே பின்கதவுத் தாழ்ப்பாள் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் போர்க்காலத்துக் காதல் படம் வந்தபோது இரண்டு கொழும்புப் பத்திரிகைகளும் அதைக் கிழித்துப் போட்டன. ஒன்று, கண்ணீரைக் குழாய் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று எழுதியது. மற்றது அதைவிட மோசம். நான் இரண்டையும் வாசித்துவிட்டுத்தான் போனேன். ஞாயிறு காலை பத்தரைக் காட்சி, திரைக்கு முன்னால் மலிவு டிக்கெட் கலரி.

கதை இவ்வளவுதான். உலக யுத்தம் நடக்கிறது. பர்மாவுக்குப் போகிற பட்டாளத்து ரயில்கள் நிற்கும் ஒரு சின்ன ஸ்டேஷனில் அப்பாவோடு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள் ஒருத்தி. பட்டாளத்து லொறி டிரைவர் ஒருவன் அங்கே இறங்கிச் சாப்பிடுகிறான். ரயில் நிற்கிற நேரத்துக்குள் காதல். மூன்றாவது தடவை அவன் போனால் திரும்பி வருவானா தெரியாது. பிளாட்பாரத்தில் நீண்ட விடைபெறுதல். பிறகு காத்திருத்தல்.

குறைகள் எனக்கும் தெரியும். குண்டு வெடிப்பது தீபாவளி வெடி மாதிரி இருந்தது. பர்மாக் காட்டுக்குள் தென்னை மரம் நின்றது. முதல் சண்டையில் செத்த மீசைக்காரர் இரண்டாவது சண்டையில் மறுபடியும் சாகிறார். பதுங்கு குழிக்குள் நாள் கணக்கில் கிடந்த கதாநாயகனின் தலை வகிடு ஒரு மயிர் பிசகவில்லை. கலரியில் ஒருவர், "டேய், சீப்பையும் யுத்தத்துக்குக் கொண்டு போயிருக்கான்டா" என்று கத்தினார். நானும் சிரித்தேன்.

ஆனால் வெளியே வந்து வெயிலில் கண்ணைக் கசக்கியபோது ஒன்று புரிந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் பூட்டு என் நினைவில் வரவேயில்லை. கடையைப் பூட்டினேனா இல்லையா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து எனக்கு அப்படி நடந்ததில்லை. அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும். மொத்தம் நான்கு தடவை. நான்கு தடவையும் பூட்டு மறந்தது. ஒரு படம் நல்லதா இல்லையா என்று சொல்ல என்னிடம் வேறு அளவுகோல் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

இந்த நிலையில்தான் மாஸ்டர் அந்த மாதத்துப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதிக் கொடுத்தார். அந்தப் படத்தைப் பற்றி. ஒன்றரைப் பக்கம்.

வெள்ளிக்கிழமை நானா ஜும்மாவுக்குப் போகும்போது கடை இரண்டு மணி நேரம் சாத்தியிருக்கும். ஸ்டென்சில் எழுத எனக்கு அந்த நேரம்தான். பாதிக் கதவைத் திறந்து வைத்து, வெளிச்சம் விழுகிற மேசையில் கண்ணாடித் தகட்டைப் போட்டு, மெழுகுத் தாளை விரித்து எழுதுவேன். அழுத்தினால் தாள் கிழியும், அழுத்தாவிட்டால் மை இறங்காது. சுழிகளை முழுதாக மூடிவிடக் கூடாது. மூடினால் நடுவிலே உள்ள பொட்டு கழன்று விழுந்து எழுத்து கறுப்புக் கட்டியாகிவிடும். இந்தக் கவனத்தில் வழக்கமாக நான் எழுதுவது என்ன விஷயம் என்றே தெரியாது. கை மட்டும் போகும்.

அன்று கை நின்றது. மாஸ்டர் எழுதியிருந்தார்: "பதினைந்து நிமிடம் பிளாட்பாரத்தில் நின்று அழுகிறார்கள். உலகத்தில் எந்த ரயிலும் இப்படிக் காத்திருக்காது. சாவுக்குப் போகிறவனிடம் காதலி கேட்கும் கடைசிக் கேள்வி, 'காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா?' என்பது. இந்த அபத்தத்தை ரசிப்பவன் மனிதர்கள் பிரிவதை ஒருநாளும் கண்டிராதவன்."

கண்டிராதவன்.

அதற்கு முந்திய வருடம்தான் என் அக்கா போனாள். தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் அவளுக்கும் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தியா என்று காகிதம் வந்தது. எனக்கு இலங்கை. கண்டி ஸ்டேஷனிலிருந்து இந்தியக் கப்பலுக்காகத் தலைமன்னாருக்குப் போகிற அந்த வண்டியை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். ஏறுகிறவர்கள் ஐம்பது பேர் என்றால் வழியனுப்ப இருநூறு பேர். கார்டு பச்சைக் கொடியைக் காட்டுவார், பெட்டி ஒன்று ஏறவில்லை என்று யாராவது கத்துவார்கள், கொடி இறங்கும். வண்டி இரண்டடி நகரும், படியில் தொங்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பவர்களை இறக்குவதற்காக நிற்கும். அழுது முடித்த பிறகும் வண்டி நின்றது. மறுபடி முதலிலிருந்து அழுதோம். மூன்றாவது தடவை அழுவதற்கு ஒன்றும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் வண்டி உண்மையாகவே கிளம்பியது. அக்கா தலையை வெளியே நீட்டி என்னிடம் கேட்டது இதுதான்:

"பின் கதவப் பூட்டுனியாடா?"

அவள் அன்று காலை விட்டு வந்த, தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவின் பின் கதவு. அவளுக்கு இனி அது வீடே இல்லை. திங்கட்கிழமை வேறு குடும்பம் வரப்போகிறது. பூட்டினேன் என்று கத்தினேன். பூட்டினேனா என்று எனக்கு நிச்சயமில்லை. இன்றும் நிச்சயமில்லை.

விமர்சனத்தை ஒரு எழுத்து விடாமல் எழுதி முடித்தேன். இரண்டாம் பக்கத்தில் பாதிக்குக் கீழே வெறும் தாள் மிச்சமிருந்தது. வழக்கமாக அங்கே ஒரு பூ வரைவேன். அன்று பூ வரையவில்லை. இப்படி எழுதினேன்:

"இதை ஸ்டென்சிலில் எழுதியவனின் குறிப்பு. இந்தப் படத்தை நான் நான்கு தடவை பார்த்தேன். எனக்குப் பிடித்தது. ரயில் காத்திருக்கும், கண்டி ஸ்டேஷனில் நான் பார்த்திருக்கிறேன். ஒரேயடியாகப் பிரிகிறவர்கள் மாத்திரை எடுத்தாயா, கதவைப் பூட்டினாயா என்றுதான் கேட்பார்கள். வேறு எதையும் அந்த நேரத்தில் கேட்க வராது. ஐந்தாவது தடவையும் பார்க்கப் போகிறேன்."

ஏழு வரி வந்தது. ஸ்டென்சிலில் பிழை விட்டால் பூசி மறைக்கிற சிவப்புத் திரவம் ஒரு சின்னப் போத்தலில் இருக்கும். மூடியைத் திறந்தேன். அந்தக் காரமான வாசனை அடித்தது. தூரிகையை வரிக்கு மேலே கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. நானா பள்ளிவாசலிலிருந்து திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. மூடியைத் திருகி மூடினேன்.

சனிக்கிழமை வழக்கம்போல நூற்றியிருபது பிரதி சுற்றினேன். நாற்பதை நானாவின் வேனில் அக்குறணைக்கு அனுப்பினேன். இருபத்தைந்தைப் புசல்லாவை பஸ் கண்டக்டரிடம் டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஐம்பத்தைந்தை மாடி மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, ஞாயிறு மத்தியானம் வரைக்கும் நான்கு தடவை கக்கூசுக்குப் போனேன்.

மாஸ்டர் வந்ததும் தன் விமர்சனத்தைத்தான் முதலில் திருப்பினார். வாசித்துக்கொண்டே போனார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பிறகு இல்லை.

"தம்பி, இது என்ன?"

"குறிப்பு மாஸ்டர்."

"குறிப்போ! ஆர் உம்மட்டக் கேட்டது குறிப்பு? நீர் எழுதித் தாறதுக்கு இருக்கிற ஆள். அபிப்பிராயம் சொல்லுறதுக்கு இல்லை."

கிளாக்கர் அண்ணன் ஒரு பிரதியை எடுத்து வாசித்துவிட்டு, "என்னா தம்பி, நாலு தடவையா? சம்பளத்தை எல்லாம் கலரிக்கா கட்டுற?" என்றார். அவர் பேச்சை லேசாக்கப் பார்த்தார். மாஸ்டர் விடவில்லை.

"இது விளையாட்டில்லை. நாங்கள் ஒரு தரத்துக்காக நிக்கிறம். சனத்தை அழ வைச்சுக் காசு பறிக்கிற குப்பையை, எங்கட பத்திரிகையிலயே ஒருத்தர் நல்லதெண்டு எழுதினால் எங்களை ஆர் மதிப்பினம்? தம்பி ஒரு மன்னிப்பு எழுதட்டும். அந்தப் பக்கத்தை வேற ஸ்டென்சில் வெட்டி மாத்துவம். அவ்வளவுதான்."

நானா கை விரித்தார். "எங்க மாஸ்டர் மாத்துற? நாப்பது அக்குறணைக்குப் போயிட்டு. அங்க நம்மட ஆளுங்க வாசிச்சும் முடிச்சிருப்பாங்க. கடை கடையா போய்ப் பறிக்கவா?"

"என்கிட்ட வந்த இருபத்தஞ்சும் குடுத்தாச்சு" என்றார் டீச்சர். "லயத்துல ரெண்டு வீட்டுல வாசிச்சும் காட்டினேன். மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். கடைசில மாலை மாத்திக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்களே. நான் பாத்தப்ப அப்படி ஒண்ணும் இல்லையே."

மாஸ்டர் எழுதிய கடைசிப் பந்தி அது: வழக்கம்போல அவன் திரும்பி வருகிறான், மாலையும் கழுத்துமாகப் படம் முடிகிறது. நான் எழுதும்போதே பார்த்தேன். படத்தில் அப்படி இல்லை. பட்டாளத்து ரயில் திரும்பி வருகிறது. ஆட்கள் இறங்குகிறார்கள். அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நிற்கிறாள். அவள் முகத்தில் படம் முடிகிறது. அவன் இறங்கினானா இல்லையா என்று சொல்லவேயில்லை.

காரணமும் எனக்குத் தெரியும். மாஸ்டர் டியூஷன் முடித்து ஆறரைக் காட்சிக்குத்தான் போவார். அது முடிய ஒன்பதே காலுக்கு மேலாகும். கட்டுகஸ்தோட்டைக் கடைசி பஸ் ஒன்பதுக்கு. ஆறரைக் காட்சியில் எந்தப் படமானாலும் கடைசி இருபது நிமிடத்தில் கட்டுகஸ்தோட்டைச் சனம் குனிந்து குனிந்து வெளியே ஓடுவது கண்டியில் யாருக்கும் புதிதல்ல. தியேட்டரில் விற்கிற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். ஆனால் அதிலும் கடைசி வரி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்பதுதான். மாஸ்டர் மீதியைத் தானே எழுதிக்கொண்டார்.

கிளாக்கர் அண்ணன் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "மாஸ்டர் பஸ்ஸுக்கு ஓடியிருப்பாரு! கட்டுகஸ்தோட்டைக்காரங்களுக்கு எந்தப் படத்துக்குத்தாங்க முடிவு தெரியும்?"

நானா வயிறு குலுங்கச் சிரித்தார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டரின் காது சிவந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனி நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை, ஜெயித்துவிட்டேன் என்கிற மாதிரி.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஜெயிப்பு எனக்கு வேண்டாம். முடிவு தெரியாததால் மாஸ்டர் தோற்றார் என்றால், முடிவு தெரிந்த கொழும்புப் பத்திரிகைக்காரர் சரி என்று ஆகிவிடும். கதிரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினேன். குரல் கீச்சென்று வந்தது.

"முடிவு பெரிசில்லைங்க. மாஸ்டர் எழுதின மாதிரி மாலை மாத்தியிருந்தாலும் எனக்குப் புடிச்சிருக்கும். தென்னமரம் நின்னாலும் புடிச்சிருக்கும். படம் நல்ல படமுன்னு நான் எங்கயும் எழுதல. எனக்குப் புடிச்சிருக்குன்னுதான் எழுதினேன். ஆளுங்க பிரிஞ்சு போறத பாக்காதவன்னு எழுதியிருக்கீங்க. நான் பாத்தவன். அத மட்டும் நான் என் கையால எழுதிட்டு, சும்மா இருக்க முடியலைங்க."

மாஸ்டர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, சிரித்தவர்களைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் அவர் வேறு மாதிரிப் பேசியிருப்பார் என்று இப்போதும் நம்புகிறேன்.

"சரி. மன்னிப்பு வேண்டாம். ஆனால் தலைவரைக் கேளாமல் பத்திரிகையைப் பாவிச்சிருக்கிறீர். ஸ்டென்சில், தாள், மை, அந்தப் பக்கத்துச் செலவை நீர் கட்டும். கட்டிப்போட்டு அந்தக் கதிரையில இரும். பொருளாளர், கணக்கை எழுதும்."

கிளாக்கர் அண்ணன் தயங்கித் தயங்கிக் கூட்டி, நோட்டில் என் பெயருக்கு நேரே எழுதினார். எனக்கு அது இரண்டு நாள் சம்பளம். மற்றவர்கள் நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எழுந்து, கதிரையைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, பழையபடி காகிதக் கட்டின் மேல் போய் உட்கார்ந்தேன். முதல் தடவையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பின்னால் சுவர் இருந்தது.

"கட்ட மாட்டேங்க" என்றேன்.

அடுத்த மாதம் மாஸ்டர் தானே ஸ்டென்சில் எழுதிப் பார்த்தார். சுழி எல்லாம் கழன்று, பக்கம் முழுக்கக் கறுப்புப் பொட்டாக வந்தது. பிறகு கட்டுரைகளைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தார். நானும் எழுதிக் கொடுத்தேன். பத்திரிகை நின்று போகும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் எழுதினேன். அதற்குள் எத்தனையோ படங்களை அவர் குப்பை என்று எழுதினார். சிலது உண்மையிலேயே குப்பைதான். பூட்டு முதல் பாட்டிலேயே ஞாபகம் வந்துவிடும். அவற்றின் கீழே பூ வரைந்தேன். ஆனால் 'ரசிப்பவன் இப்படிப்பட்டவன்' என்கிற மாதிரி ஒரு வரியை மாஸ்டர் அதன் பிறகு ஒருநாளும் எழுதவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

கதிரை சுவரோரத்திலேயே கிடந்தது. புதிதாக யாராவது வந்து அதை இழுத்தால் டீச்சர், "அது ஒரு ஆளுடையது" என்று சொல்லி வேறு பக்கம் உட்காரச் செய்வார். நானா ஒருநாள் பில் எழுதிக்கொண்டே, "மகன், நான் அந்தக் காச கட்டிர்றேன். நாலு பேருக்கு முன்னால நீ காகிதக் கட்டுல குந்திக்கிட்டு இருக்கிறது எனக்கு வெக்கமா இருக்கு" என்றார். வேண்டாம் நானா என்றேன். கட்டினால் அந்த ஏழு வரி பிழை என்று ஆகிவிடும்.

படம் தியேட்டரை விட்டுப் போவதற்கு முதல் ஐந்தாவது தடவையும் போனேன். பிளாட்பாரக் காட்சி வந்தது. மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா என்று அவள் கேட்டாள். கலரியில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். அழுகிறதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. தொலைக்காட்சியில் எப்போதாவது அந்தப் படம் வந்தால், என் பேரப்பிள்ளைகள் அந்தத் தென்னை மரத்தைக் காட்டிச் சிரிப்பார்கள். நான் எழுந்து போகமாட்டேன், சத்தத்தைக் கூட்டிவைப்பேன். அந்தக் கணக்கு நோட்டு கிளாக்கர் அண்ணன் வீட்டு அலுமாரியில் எங்கேயாவது இருக்கக்கூடும். இருந்தால் என் பெயருக்கு நேரே அந்தத் தொகை வெட்டப்படாமல் அப்படியே இருக்கும்: பதினொரு ரூபா நாற்பது சதம்.